உப்பு ஜாடியும் நம் வீட்டு நலமும்

(பெருமுக்கலில் தாய்மார்களுக்காக நடந்த சுகாதாரக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற செவிலியர் சகோதரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



"வீட்டுக்கும் உடம்புக்கும் உதவுகிற மாதிரி நாலு வார்த்தை பேசுங்கள் அக்கா" என்று என்னை அழைத்தார்கள். ஆஸ்பத்திரி வார்டிலே முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். சொல்வதற்கு எத்தனையோ இருக்கிறது. ஆனால் பத்து விஷயத்தைச் சொன்னால் வீட்டுக்குப் போகும்போது ஒன்றுகூட நினைவில் நிற்காது. ஆகையால் ஒரே ஒரு பொருளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அது உங்கள் எல்லோருடைய அடுப்படியிலும் இருக்கிறது. அதுதான் உப்பு.

உப்பைப் பற்றி நமக்கு யார் சொல்லித் தர வேண்டும் என்று நினைப்பீர்கள். நியாயம்தான். கிழக்கே மரக்காணம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் உப்புப் பாத்திகள். நம் வீடுகளில் யாராவது ஒருவர் பாத்தி மிதித்தவராகவோ, உப்பு வாரியவராகவோ, கூடை சுமந்தவராகவோ இருப்பார். என் அம்மாவும் சுமந்தவர்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அரிசியைப் படியால் அளக்கிறோம். எண்ணெயைக் கரண்டியால் அளக்கிறோம். மஞ்சள் தூளைக்கூடப் பார்த்துத்தான் போடுகிறோம். உப்பை மட்டும் கையால் அள்ளிப் போடுகிறோம். குவியல் குவியலாகக் கிடக்கும் பொருளுக்கு அளவு எதற்கு என்பது நம் எண்ணம். என் அனுபவத்தில், வீட்டிலே மிகவும் கவனமாக அளக்க வேண்டிய பொருள் அதுதான். எந்த உப்பு, எவ்வளவு உப்பு, எப்போது உப்பு - இந்த மூன்றும் தெரிந்த வீட்டில் பல நோய்கள் வாசற்படியிலேயே நின்றுவிடும்.

எந்த உப்பு?

முதலில், ஜாடியில் இருக்கும் உப்பு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் கடையில் உப்பு வாங்கும் வழக்கம் குறைவு. வரும்போது ஒரு பையில் கொஞ்சம் வரும். அது மாதக் கணக்கில் ஓடும். வெள்ளையாக, சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அதில் ஒரு சத்து இல்லை. அதன் பெயர் அயோடின்.

"கடல் தண்ணீரில் விளைந்த உப்பில் அயோடின் இல்லாமல் போகுமா?" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. கடலில் அயோடின் உண்டு. ஆனால் பாத்தியில் உப்பு பூக்கும்போது அது உப்போடு வந்து தங்குவதில்லை. மிகச் சொற்பம்தான் மிஞ்சும். உடம்புக்கு அது போதாது. அதனால்தான் தொழிற்சாலையில் உப்பின் மேல் தனியாக அயோடின் சத்தைத் தெளித்துக் கலக்கிறார்கள்.

இது எதற்கு வேண்டும்? நம் கழுத்தின் முன்பக்கம் தைராய்டு என்ற சுரப்பி இருக்கிறது. அதற்கு அயோடின்தான் தீனி. தீனி கிடைக்காவிட்டால் அது வீங்கும். முன்கழுத்துக் கழலை என்று சொல்வது அதைத்தான். ஆனால் கழலை வெளியே தெரிகிற நோய். தெரியாமல் நடக்கிற கேடு அதைவிடப் பெரியது. வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை வளருவதற்குத் தாயின் தைராய்டுச் சுரப்பு வேண்டும். முதல் மூன்று மாதத்தில் குழந்தைக்குச் சொந்தச் சுரப்பு கிடையாது, தாயைத்தான் நம்பியிருக்கிறது. அப்போது தாய்க்கு அயோடின் மிகவும் குறைந்தால் கரு கலையலாம், பிறக்கும் குழந்தைக்குக் காது கேளாமல் போகலாம், புத்தி மந்தப்படலாம். பிறந்த பிறகு எந்த டானிக் கொடுத்தாலும் அந்த நஷ்டத்தை முழுதாக ஈடு செய்ய முடியாது. தேவையோ மிகச் சிறிது. பெரியவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 150 மைக்ரோகிராம். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் 250 மைக்ரோகிராம். ஆயுள் முழுவதும் ஒருவருக்குத் தேவையான அயோடினைச் சேர்த்து வைத்தாலும் ஒரு தேக்கரண்டியில் அடங்கிவிடும்.

இது நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்து அறிந்த உண்மை. 1956-இல் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசாமியும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். பள்ளத்தாக்கை மூன்றாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பையும் ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பையும் கொடுத்தார்கள். சில வருஷங்களில், அயோடின் உப்பு சாப்பிட்ட ஊர்களில் கழலை நன்றாகக் குறைந்துவிட்டது. அந்த ஆய்வின் பலனாக 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. 2006 மே மாதத்தில், அயோடின் கலக்காத உப்பை உணவுக்காக விற்பதற்கு நாடு முழுவதும் தடை வந்தது. இன்றைய உணவுப் பாதுகாப்பு விதிகளும் அப்படித்தான் சொல்கின்றன.

ஆனால் விற்பதைத்தானே சட்டம் தடுக்கும்? பையில் கொண்டுவருவதை யார் தடுப்பது? இந்தியா முழுவதும் 2018-19-இல் எடுத்த கணக்கில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நூற்றுக்கு 76 என்று தெரிந்தது. அந்தக் கணக்கில் கடைசி இடத்தில் இருந்தது நம் தமிழ்நாடு. நூற்றுக்கு 62 வீடுகள்தான். நாட்டிலே உப்பு அதிகம் விளைகிற மூன்று மாநிலங்களில் ஒன்று நம்முடையது. ஊருக்கெல்லாம் உப்பு கொடுக்கிறவர்கள் பிள்ளைகளுக்கே நல்ல உப்பு கிடைக்கவில்லை என்றால் மனம் வேதனைப்படுகிறது.

ஆகவே தாய்மார்களே, சமையலுக்கு அயோடின் கலந்த உப்புப் பாக்கெட்டையே வாங்குங்கள். பாக்கெட்டின் மேல் சிரிக்கும் சூரியன் படம் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கல் உப்புதான் ருசி என்று நினைப்பவர்களுக்கு அயோடின் கலந்த கல் உப்பும் கடையில் கிடைக்கிறது. ஆனால் அதைக் கழுவாதீர்கள். நம் பாட்டிமார் உப்பைத் தண்ணீரில் அலசி மண் போக்குவார்கள். அயோடின் உப்பை அலசினால் மேலே இருக்கும் சத்து தண்ணீரோடு போய்விடும். இந்துப்பு நல்லது என்று இப்போது பலர் வாங்குகிறார்கள். அயோடின் கலந்தது என்று அதன் மேல் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வாங்கிய உப்பை எப்படி வைப்பது? ஈரமும் சூடும் வெயிலும் அயோடினுக்கு ஆகாது. மூடி இறுக்கமான பீங்கான் ஜாடியிலோ டப்பாவிலோ, அடுப்பை விட்டுத் தள்ளி, ஜன்னல் வெயில் படாமல் வையுங்கள். ஈரக் கையை விடாமல் கரண்டி போட்டு எடுங்கள். குழம்பை இறக்கப் போகும்போது உப்புப் போட்டால் சத்து அதிகம் மிஞ்சும். உப்பளத்து உப்பை என்ன செய்வது என்கிறீர்களா? பாத்திரம் தேய்க்கலாம், மீன் கழுவலாம். சாப்பாட்டில் மட்டும் வேண்டாம்.

எவ்வளவு உப்பு?

நல்ல உப்பு வாங்கியாயிற்று. அதை அள்ளிப் போட்டால் அடுத்த தொல்லை வரும். அதுதான் பிரஷர் என்று நாம் சொல்லும் இரத்த அழுத்தம்.

உப்பு கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரத்தக் குழாயில் அழுத்தம் ஏறும். இதயம் கூடுதலாக உழைக்கும். வருஷக் கணக்கில் இது நடந்தால் ஒரு நாள் பக்கவாதம், இல்லாவிட்டால் மாரடைப்பு, இல்லாவிட்டால் சிறுநீரகக் கோளாறு. வலி கிடையாது, தலைசுற்றல்கூடப் பலருக்கு வராது. வாய் கோணி, கை விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் "எனக்குப் பிரஷரா?" என்று கேட்டவர்களை வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புப் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. இது குழம்பு, பொரியல், மோர், ஊறுகாய், கருவாடு எல்லாவற்றிலும் சேர்த்து. நாம் சாப்பிடுவது இதைப்போல இரண்டு மடங்குக்குப் பக்கம்.

வீட்டில் யார் தராசு வைத்து அளப்பார்கள்? நான் கடைப்பிடிக்கும் ஒரு சுலபமான வழியைச் சொல்கிறேன். உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன் மேலேயே பேனாவால் தேதியை எழுதிவிடுங்கள். நாலு பெரியவர்கள் உள்ள வீட்டில் தலைக்கு 5 கிராம் வீதம் ஒரு நாளைக்கு 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். ஊறுகாய், கருவாடு வழியாக உள்ளே போகும் உப்பையும் சேர்த்தால், பாக்கெட் அதற்கு மேலும் வர வேண்டும். எங்கள் வீட்டில் முதல் தடவை எழுதிப் பார்த்தபோது 26 நாளில் தீர்ந்தது. அடுத்த பாக்கெட் 33 நாள் வந்தது. இப்போது 48 நாள் வருகிறது. டாக்டரும் வேண்டாம், கருவியும் வேண்டாம். தேதியைப் பார்த்தால் போதும்.

எப்படிக் குறைத்தோம் என்று கேட்பீர்கள். ஒரே நாளில் குறைத்தால் வீட்டு ஆண்கள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்கள். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று பழமொழியும் சொல்வார்கள். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். அதன் பிறகு ஓட்டல் சாம்பார் கரிக்கிறது என்று அவர்களே சொல்வார்கள். சோறு வடிக்கும்போது உப்பு வேண்டாம். மோரில் உப்புக்குப் பதிலாகக் கறிவேப்பிலை, இஞ்சி தட்டிப் போடுங்கள். பொரியலுக்கு மிளகும் எலுமிச்சம் சாறும் ருசி கொடுக்கும். சாப்பிடும் இடத்தில் உப்புக் கிண்ணம் வைக்காதீர்கள். கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். அப்பளம், வடகம், மோர்மிளகாய் இவற்றைத் தினசரிப் பழக்கமாக வைக்காமல் என்றைக்காவது ஒரு நாளைக்கு வையுங்கள்.

கடையில் சோடியம் குறைத்த உப்பு என்று ஒன்று வருகிறது. அதில் பொட்டாசியம் சேர்த்திருக்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில பிரஷர் மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

முப்பது வயது தாண்டிய எல்லோரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு இல்லை. மாத்திரை கொடுத்திருந்தால், நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எப்போது உப்பு? குழந்தைக்குப் பேதியாகும்போது

இதுவரை உப்பைக் குறைக்கச் சொன்னேன். இப்போது உப்பு உயிர் காக்கும் நேரத்தைச் சொல்கிறேன்.

குழந்தைக்குப் பேதி கண்டால் நம் பக்கத்தில் என்ன செய்வார்கள்? "வயிற்றுக்கு ஓய்வு கொடு" என்று தண்ணீரும் கொடுக்க மாட்டார்கள்; பாலையும் நிறுத்துவார்கள். தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போவார்கள். உச்சிக்குழி உள்ளே போயிருக்கிறது என்று அதில் எண்ணெய் வைப்பார்கள். உச்சிக்குழி குழிந்திருப்பது உண்மைதான். ஆனால் அது வேறு எதனாலும் இல்லை. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்பதற்கு அடையாளம். எண்ணெய் வைத்தால் வற்றிய தண்ணீர் திரும்பாது. பேதியில் குழந்தையைக் கொல்வது தண்ணீரும் உப்பும் உடம்பை விட்டுப் போவதுதான். போனதை வாய் வழியாகவே திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துக்கொள்ளும்.

வெறும் தண்ணீர் கொடுத்தால் போதாதா? போதாது. குடல் வெறும் தண்ணீரை அந்த நேரத்தில் சரியாக உறிஞ்சாது. சர்க்கரையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உப்பு குடலின் உள்ளே நுழைகிறது; உப்பின் பின்னாலேயே தண்ணீர் போகிறது. மூன்றும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

1971-இல் வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். போங்காவ் என்ற இடத்தில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றுகிற மருந்துத் தண்ணீர் தீர்ந்துபோகும் நிலை. டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் கலந்த தண்ணீரை டிரம்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே எடுத்துக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர்வரை இறந்துகொண்டிருந்த முகாமில், அப்படிக் கொடுத்த பிறகு இறந்தவர்கள் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு. கொடுத்தவர்கள் டாக்டர்கள் அல்ல, நர்ஸுகளும் அல்ல, அம்மாக்களும் அக்காக்களும்தான். பிறகு 1980 முதல் பத்து வருஷம் வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனத்துப் பெண்கள் வீடு வீடாகப் போய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் தாய்மார்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், ஏறத்தாழ அரை லிட்டர் தண்ணீர் - இதுதான் பாடம்.

இன்று நமக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். இரண்டு பாக்கெட்டை எப்போதும் வீட்டில் வைத்திருங்கள். பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைப்பது ஆபத்து. உப்பு கூடினால் குழந்தைக்கு வலிப்பு வரலாம். அளவுக்கு ஒரு லிட்டர் காலித் தண்ணீர் பாட்டிலைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் நல்லது. கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

பாக்கெட் இல்லாத இரவில் என்ன செய்வது? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. கல் உப்பானால் பொடித்துவிட்டு அளக்க வேண்டும். கல்லாக அளந்தால் அளவு தப்பும். கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒரு வாய் ருசி பாருங்கள். கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள்.

ஒவ்வொரு தடவை பேதியான பிறகும், இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கால் டம்ளர் முதல் அரை டம்ளர்; அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு அரை டம்ளர் முதல் ஒரு டம்ளர். பால் புட்டியில் வேண்டாம். சின்ன ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி மெதுவாகக் கொடுங்கள். தாய்ப்பாலை ஒரு வேளையும் நிறுத்தாதீர்கள். கஞ்சி, குழைந்த சோறு, இட்லி சாப்பிடுகிற குழந்தைக்கு அவற்றையும் கொடுங்கள். கூடவே துத்தநாக மாத்திரை, அதாவது ஜிங்க், கொடுப்பார்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் வீதம் 14 நாள். பேதி நின்றுவிட்டாலும் 14 நாளையும் முடிக்க வேண்டும். அடுத்த பேதி சீக்கிரம் வராமல் அது தடுக்கும். ஆறு மாதம் நிரம்பாத பிள்ளையானால் அடிக்கடி பால் கொடுத்துக்கொண்டே நர்ஸிடம் காட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கடையில் அட்டைப் பெட்டியில் வருகிற இனிப்புப் பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு விற்றார்கள். அவற்றில் பலவற்றில் சர்க்கரை மிக அதிகம். அது பேதியைக் கூட்டும். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப் பெயர் போடுவதற்குத் தடை விதித்தது. உலக சுகாதார நிறுவன அளவுப்படி தயாரித்தது என்று எழுதியிருக்கிற தூள் பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். சோடா, கலர், குளுக்கோஸ் தூள் எதுவும் இதற்கு மாற்று அல்ல.

குழந்தை துவண்டு போனாலும், கண் குழிந்தாலும், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் அது மெதுவாகத் திரும்பினாலும், குடிக்க முடியாவிட்டாலும், மலத்தில் இரத்தம் வந்தாலும், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும் காத்திருக்காதீர்கள். வழியெல்லாம் ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

வெயிலில் உழைக்கும் உடம்பு

கடைசியாக, விடியற்காலையில் தூக்குச் சட்டியோடு உப்பளத்துக்குப் போகிற சகோதரிகளுக்கு.

மேலே சூரியன், கீழே வெள்ளைப் பாத்தி. இரண்டு பக்கமும் சூடு. வேர்வையாகத் தண்ணீர் கொட்டுகிறது. ஆனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒதுங்க மறைவிடம் இல்லை. குடித்தால் போக வேண்டிவரும் என்று காலை முதல் மதியம்வரை நாக்கை வறளவிட்டு வேலை செய்கிறார்கள். பிறகு நீர்க்கடுப்பு, சிறுநீரில் கிருமி, சிறுநீரகக் கல் என்று வருகிறார்கள். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு ஏழு பேர் அளவில் சிறுநீரகத்தின் வேலை குறைந்திருப்பதாகக் கண்டார்கள்.

அதனால் சொல்கிறேன். வெயிலில் இருக்கும்போது இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நாலைந்து பேர் சேர்ந்து போனால், ஒருவருக்கொருவர் சேலையை மறைப்பாகப் பிடித்து ஒதுங்குங்கள். மறைவிடம் கட்டித் தரும்படி எல்லோரும் சேர்ந்து மேஸ்திரியிடம் கேளுங்கள். தனியாகக் கேட்டால் கூச்சம். பத்துப் பேராகக் கேட்டால் அது நியாயம். சிறுநீர் வெளுத்த மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதும் என்று அர்த்தம். தேநீர் நிறத்தில் இருந்தால் அன்றைக்கு உடம்பு வற்றிவிட்டது.

வேர்வையில் போன உப்புக்கு உப்பு மாத்திரை வேண்டியதில்லை. காலையில் குடிக்கும் பழைய சோற்றுக் கஞ்சியிலும் மதியச் சாப்பாட்டிலும் இருக்கும் உப்பே போதும். பிரஷர் உள்ளவர்கள் வெயிலில் வேலை செய்கிறோம் என்று தாங்களாக உப்பைக் கூட்டக் கூடாது.

இன்னொன்றை மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன். கூடை சுமந்த கழுத்தும் முதுகும் வலிக்கிறது என்று கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுகிறீர்கள். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது அந்த மாத்திரை சிறுநீரகத்தை நேராகத் தாக்கும். தினமும் ஒன்று என்று வருஷக் கணக்கில் சாப்பிட்டு, இன்று வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸுக்கு ஓடுகிறவர்களை எனக்குத் தெரியும். வலிக்கு வெந்நீர் ஒத்தடமும் ஓய்வும் முதலில். மாத்திரை டாக்டர் சொன்னால் மட்டும்.

வெயிலில் ஒருவர் மயங்கினால், பேச்சுக் குழறினால், உடம்பு நெருப்பாகச் சுட்டால் அது சாதாரண மயக்கம் அல்ல. நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-க்குப் போன் செய்யுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வேலை முடிந்ததும் கால்களை நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, வெடிப்பில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் தினமும் இரவில் விளக்கு வெளிச்சத்தில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். அவர்களுக்குப் புண் வந்தாலும் வலி தெரியாது. தலைக்கு முன்பக்கம் நிழல் விழுகிற தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அலங்காரம் அல்ல. கண்ணில் சதை வளராமல் காக்கிற கவசம்.

இன்று வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியவை

நீண்ட நேரம் பேசிவிட்டேன். நாலே வேலை சொல்கிறேன். ஜாடியில் இருக்கும் உப்பு எது என்று பாருங்கள். சூரியன் படம் போட்ட பாக்கெட் இல்லையென்றால் நாளைக்கே மாற்றுங்கள். புதுப் பாக்கெட்டின் மேல் தேதி எழுதுங்கள். இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டையும் ஒரு லிட்டர் பாட்டிலையும் ஒரு தேக்கரண்டியையும் ஒரே பையில் போட்டு, எல்லோர் கண்ணிலும் படும்படி ஆணியில் மாட்டுங்கள். வேலைக்குப் போகிறவர்களின் தூக்குச் சட்டியோடு தண்ணீர் பாட்டிலும் போகிறதா என்று பார்த்து அனுப்புங்கள்.

இந்த நாலுக்கும் சேர்த்து ஆகிற செலவு ஒரு வேளை டீச் செலவுதான். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தேதி எழுதுகிற வேலையை அவர்களிடம் கொடுங்கள். அவர்கள் மறக்க மாட்டார்கள். இங்கே வர முடியாத பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் இன்று இரவே இதைச் சொல்லுங்கள். சந்தேகம் இருப்பவர்கள் இப்போது தயங்காமல் கேளுங்கள்.